ஹெட்போன்ல பேஸ் நல்லா அதிரணுமா? வாங்குறதுல ஆரம்பிச்சு ஈக்வலைசர் வைக்கிற வரைக்கும்

போன மாசம் சித்தி பையன் புது ஹெட்போனை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தான். பெட்டி மேல பேஸ் பேஸ்னு (பாட்டுல தாழ்வா அதிர்ற கனமான சத்தம்) பெருசா போட்டிருக்கு, அதை நம்பி வாங்கிட்டான், போன் ஈக்வலைசர்ல (தாழ்ந்த சத்தம், உயர்ந்த சத்தம்னு தனித்தனியா ஏத்தி இறக்குற இடம்) இடது பக்கம் இருக்குற ரெண்டு ஸ்லைடரையும் மேல முட்டுற வரைக்கும் தள்ளிட்டான், அப்பவும் "அண்ணே, குடத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு, ஆனா பேஸ் மட்டும் இறங்க மாட்டேங்குது"ன்னு சொல்றான். அவன் கண்ணாடி போடுறவன். கண்ணாடியைக் கழட்டச் சொல்லி அதே பாட்டைத் திரும்பப் போட்டோம், ஒரு ஸ்லைடரையும் தொடல, பேஸ் வந்துடுச்சு! கண்ணாடிக் காம்பு இயர் பேடை லேசா தூக்கி விட்டிருந்தது, அந்தச் சின்ன இடுக்கு வழியா பேஸ் பூரா வெளிய போயிட்டிருந்தது.

அதனாலதான் இந்த விளக்கத்துல ஈக்வலைசர் கடைசியா வரும். எல்லாரும் அதுலதான் ஆரம்பிக்கிறாங்க, அங்கதான் தப்பும் ஆரம்பிக்குது.

முதல்ல, உங்களுக்கு எந்த பேஸ் வேணும்?

நம்ம காது கேக்குறது சுமாரா 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் (ஹெர்ட்ஸ்னா ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வுங்கற கணக்கு, எண் குறையக் குறைய சத்தம் தாழ்வா இருக்கும்). அதுல 20லேர்ந்து 60 வரைக்கும் இருக்குறது சப்-பேஸ், காதுல கேக்குதுன்னு சொல்றதை விட மண்டைக்குள்ள அழுத்துதுன்னு சொல்ற சமாச்சாரம். 60லேர்ந்து 250 வரைக்கும் சாதாரண பேஸ், கிக் டிரம்மோட குத்து, பேஸ் கிட்டார், மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் எல்லாம் பெரும்பாலும் இங்கதான் இருக்கு. இதோட மேல் முனையில 200 தாண்டி, பேஸையும் கடந்து 300, 400 வரைக்கும் இருக்குற இடம் ரொம்ப முக்கியம், அது கூடிப்போனா பாடுறவர் குரல் மேல கம்பளி போத்தின மாதிரி ஆயிடும். நிறைய ஆண்ட்ராய்டு போன்ல வர்ற அஞ்சு ஸ்லைடர் ஈக்வலைசர்ல முதல் ரெண்டும் 60, 230 ஹெர்ட்ஸ். இப்ப புரியுதா, என் தம்பி ரெண்டையும் சேர்த்து ஏத்தினதும் ஏன் குடத்துக்குள்ள போச்சுன்னு? 230ஐ ஏத்தினா வர்றது அதிர்வு இல்ல, கொழகொழப்பு.

இன்னொண்ணு, நீங்க கேக்குற பாட்டு என்னங்கறதும் முக்கியம். நாலு கம்பி பேஸ் கிட்டார்ல இருக்குறதிலேயே கீழ் ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ், ஆனா வாசிக்கிறது பெரும்பாலும் அதுக்கு மேலதான், அதனால எண்பதுகள் தமிழ்ப் பாட்டுல ஓடி ஓடி வர்ற அந்த பேஸ் கிட்டாரை நல்லா கேக்கணும்னா நீங்க பாக்க வேண்டியது 60லேர்ந்து 150 வரைக்கும், 30 ஹெர்ட்ஸை எவ்வளவு ஏத்தினாலும் அந்த ரெக்கார்டிங்ல அங்க பெருசா ஒண்ணும் இருக்காது. இப்ப வர்ற ஹிப் ஹாப், எலக்ட்ரானிக் பாட்டு அப்படி இல்ல. 1980ல ரோலண்ட் கம்பெனி விட்ட டிஆர்-808 மெஷினோட கிக் சத்தத்துலேர்ந்து வளந்து வந்த அந்த நீளமான பேஸ், 30லேர்ந்து 60க்குள்ள உக்காந்திருக்கும். இது ரெண்டுக்கும் ஒரே செட்டிங் சரியா வராது.

அடுத்து, பேஸ் கசியுதான்னு பாருங்க

கையில ஏற்கனவே ஹெட்போன் இருந்தா புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. யூடியூப்ல 40 ஹெர்ட்ஸ் டோன்னு தேடினா கிடைக்கும். வால்யூமை நல்லா குறைச்சு வச்சு ஆரம்பிங்க, இந்த மாதிரி டோன் சத்தம் கம்மியா தெரியும் ஆனா ஹெட்போனை நல்லா வேலை வாங்கும். டோன் ஓடும்போது ரெண்டு கப்பையும் உள்ளங்கையால லேசா காதோட சேர்த்து அமுக்குங்க, ஓங்கி அமுக்க வேண்டாம். அமுக்கினதும் பேஸ் கணிசமா கூடிச்சுன்னா உங்க ஹெட்போன்ல கசிவு இருக்கு.

காரணம் சிம்பிள். ஹெட்போன் டிரைவர், அதாவது உள்ள இருக்குற குட்டி ஸ்பீக்கர், சின்னது, அது ரூம் முழுக்க காத்தைத் தள்ளப்போறது இல்ல, காதுக்கும் தனக்கும் நடுவுல அடைபட்டிருக்குற கொஞ்சூண்டு காத்தை அமுக்கித்தான் பேஸ் பண்ணுது. ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பு மாதிரி, இடுக்கு இருந்தா அழுத்தம் நிக்காது, அதுலயும் மெதுவா அசையுற கீழ் சத்தம்தான் முதல்ல போகும். மேல் சத்தம் அப்படியே இருக்கும், அதனாலதான் பேஸ் போயிடுச்சுங்கறதை விட ஹெட்போன் கீச்சுன்னு இருக்குன்னு நமக்குத் தோணும்.

கசிவு எங்கேர்ந்து வரும்னா, கண்ணாடிக் காம்பு, காதுக்கு முன்னாடி மாட்டிக்கிற முடி, தொப்பி, வெடிச்சுப்போன இயர் பேட். பேட் தோல் உரிஞ்சு ஸ்பாஞ்சு தெரிய ஆரம்பிச்சிருந்தா மாத்திடுங்க, ஆனா உங்க மாடலுக்குன்னே வர்ற பேடா பாத்து வாங்கணும், தடிமனோ துணியோ மாறினா சத்தமே மாறிடும். காதுக்குள்ள வைக்கிற இயர்போனா இருந்தா டிப் சைஸ். பெட்டியில மூணு சைஸ் குடுப்பாங்க, நடுவுல இருக்குறதை மாட்டிட்டு மத்த ரெண்டையும் தூக்கி டிராயர்ல போடுறதுதான் வழக்கம், தயவுசெஞ்சு மூணையும் போட்டுப் பாருங்க. இடது காதுக்கு ஒரு சைஸ் வலது காதுக்கு ஒரு சைஸ் வேணும்னாலும் அது ரொம்ப சாதாரணம்.

வாங்கும்போது என்ன பாக்கணும்

பெட்டியில 20 – 20,000 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கும், அதைப் படிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, 20 ஹெர்ட்ஸ்ல எவ்வளவு பலமா வருதுன்னு அதுல சொல்லல. டிரைவர் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டராங்கறதும் அப்படித்தான். 10 மில்லிமீட்டர் டிரைவர் இருக்குற ஒரு இயர்போன், காதை நல்லா அடைச்சு உக்காந்துச்சுன்னா 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், ஏன்னா அது அமுக்க வேண்டிய காத்து அவ்வளவு கம்மி.

பாக்க வேண்டியது கப்போட வகை. பின்னாடி மூடினது குளோஸ்டு பேக், வலை மாதிரி திறந்திருக்குறது ஓப்பன் பேக். சென்ஹைசர் எச்டி 600 உலகம் முழுக்க கொண்டாடுற ஓப்பன் பேக் ஹெட்போன், குரல் கேக்குறதுக்கு அவ்வளவு சுகம், ஆனா சப்-பேஸ் அதுல கீழ போகப்போக சரிஞ்சுடும், ஈக்வலைசர் வச்சு ரொம்ப இழுத்தா டிரைவர் திணறும். பேஸ்தான் முக்கியம்னா குளோஸ்டு பேக் பக்கம் போங்க, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மாதிரி. அதுலயே 32, 80, 250 ஓம்னு மூணு விதம் இருக்கு (ஓம்னா மின்தடையோட அளவு), போன்லயும் லேப்டாப்லயும் நேரா சொருகப்போறீங்கன்னா 250 ஓம் எடுத்துடாதீங்க, தனியா ஆம்ப்ளிஃபையர் இல்லாம சத்தம் போதாம போயிடும்.

பட்ஜெட் கம்மின்னா என் ஓட்டு கம்பி வச்ச இயர்போனுக்குத்தான். ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கிற நல்ல இன்-இயர் ஒண்ணு, அதே விலைக்கு வர்ற பெரிய ஹெட்போனை விட சுத்தமான பேஸ் குடுக்கும், ஈக்வலைசரையும் நல்லா தாங்கும். ப்ளூடூத்துதான் வேணும்னா அந்த கம்பெனி ஆப்ல ஈக்வலைசர் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, அங்க வைக்கிற செட்டிங் பெரும்பாலும் ஹெட்போனுக்குள்ளயே சேவ் ஆகிடும், போன் மாத்தினாலும் கூடவே வரும். நாய்ஸ் கேன்சலிங் இருக்குற சில மாடல்ல அதை ஆன் பண்ணா ஒரு சத்தம், ஆஃப் பண்ணா ஒரு சத்தம், அதனால தினமும் எப்படி கேப்பீங்களோ அப்படி வச்சுத்தான் செட் பண்ணணும்.

கடைக்குப் போய் வாங்கினா உங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டே கேளுங்க, பத்து நிமிஷமாவது.

இப்ப ஈக்வலைசர்

கம்ப்யூட்டர்ல விண்டோஸ்னா ஈக்வலைசர் ஏபிஓ, இலவசம். அதை இன்ஸ்டால் பண்ணும்போது எந்த டிவைஸுக்குன்னு ஒரு விண்டோ கேக்கும், அங்க உங்க ஹெட்போனை டிக் பண்ணணும், ஒயர்ல போடுறதும் ப்ளூடூத்தும் தனித்தனி டிவைஸா இருக்கும், ரெண்டும் வேணும்னா ரெண்டையும் டிக் பண்ணுங்க. அப்புறம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு பீஸ்னு இன்னொரு இலவச சாஃப்ட்வேரை அது மேல போட்டுக்கோங்க, அதுதான் ஸ்லைடரெல்லாம் காட்டும். ஆண்ட்ராய்டுக்கு வேவ்லெட்னு ஒரு ஆப்.

ஸ்டெப் 1. எல்லாத்தையும் ஜீரோவுக்கு கொண்டுவாங்க. மியூசிக் ஆப்ல இருக்குற பேஸ் பூஸ்டர், போன் செட்டிங்ல இருக்குற டால்பி, ஹெட்போன் ஆப்ல இருக்குற மோடு, எல்லாம் ஆஃப். மூணு இடத்துல மூணு பேஸ் பூஸ்ட் ஓடினா எது எதைக் கெடுக்குதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்டெப் 2. ப்ரீஆம்ப்பை, அதாவது மொத்த சத்தத்தையும் சேர்த்து ஏத்தி இறக்குற ஸ்லைடரை, மைனஸ் 6 டெசிபல்ல வைங்க (டெசிபல்னா சத்தத்தோட அளவு). இதைத்தான் ஆரம்பத்துல எல்லாரும் விட்டுடுறாங்க, பேஸ் கிழியுதுன்னு வர்ற புகார்ல பெரும்பங்கு இதனாலதான். இப்ப வர்ற பாட்டெல்லாம் டிஜிட்டல்ல எவ்வளவு சத்தம் வைக்க முடியுமோ அவ்வளவுக்கு நிரப்பித்தான் வெளிய விடுறாங்க, அதுக்கு மேல நீங்க 6 டெசிபல் ஏத்தினா போறதுக்கு இடம் இல்லாம அலையோட தலை வெட்டுப்படும். பேஸை எவ்வளவு ஏத்துறீங்களோ அவ்வளவு ப்ரீஆம்ப்ல இறக்கிடுங்க, மொத்த சத்தம் குறையும்தான், வால்யூமை கூட்டி வச்சுக்கலாம்.

ஸ்டெப் 3. பீஸ்ல ஒரு ஃபில்டரை, அதாவது ஒரு ஸ்லைடரை, லோ ஷெல்ஃபா மாத்துங்க. 105 ஹெர்ட்ஸ், ப்ளஸ் 4 டெசிபல், கியூ 0.7 (கியூங்கறது அந்த மாற்றம் எவ்வளவு கூர்மையா இருக்கணும்ங்கற எண்). லோ ஷெல்ஃப்னா அந்த எண்ணுக்குக் கீழ இருக்குற மொத்தத்தையும் ஒரு மேடை மாதிரி சேர்த்துத் தூக்குறது, அதனால சத்தம் இயல்பா இருக்கும். இந்த 105ங்கற எண் நான் குருட்டாம்போக்குல சொல்லல. ஹார்மன்ங்கற ஆடியோ கம்பெனியில ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி எல்லாம் சேர்ந்து பல வருஷமா ஆளுங்களைக் கேக்க வச்சு எந்த சத்தம் பிடிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுலேர்ந்து வந்ததுதான் ஹார்மன் டார்கெட், பெரும்பாலானவங்களுக்குப் பிடிச்ச சத்தத்தை வளைகோடா வரைஞ்சு காட்டுறது, அந்த வளைவுலயும் பேஸ் கிட்டத்தட்ட இந்த இடத்துலேர்ந்துதான் மேல ஏறுது. அதுக்கு மேலயும் பேஸ் கேக்குற ஒரு கூட்டம் அந்த ஆராய்ச்சியிலயே தனியா தெரிஞ்சது, நம்மள மாதிரி ஆளுங்க. 4 பத்தலன்னா 6 வரைக்கும் போங்க. 6 டெசிபல்னா அந்த இடத்துல நாலு மடங்கு பவர், அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

808 மாதிரி ஆழமான பேஸ்தான் வேணும்னா 105க்குப் பதிலா 70ல வச்சு அங்க 6 ஏத்துங்க, குரல் பக்கம் ஒண்ணும் கெடாது.

ஸ்டெப் 4. இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஸ்டெப். இன்னொரு ஃபில்டர் எடுத்து, இது பீக் வகை (அந்த எண்ணைச் சுத்தி இருக்குறதை மட்டும் ஏத்தி இறக்குறது), 230 ஹெர்ட்ஸ், மைனஸ் 2.5 டெசிபல், கியூ 1. கேட்டுப் பாருங்க. பேஸைத் தொடவே இல்ல, ஆனா பேஸ் கூடின மாதிரி இருக்கும், ஏன்னா அதை மூடிட்டிருந்த கொழகொழப்பு விலகிடுச்சு, கிக் டிரம் ஒவ்வொண்ணும் தனித்தனியா விழும். நிறைய குளோஸ்டு பேக்ல இந்த இடம் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். குரல் ரொம்ப மெலிஞ்சு போச்சுன்னா மைனஸ் 1க்கு வாங்க.

போன்ல அஞ்சு ஸ்லைடர் மட்டும்தான் இருக்குன்னாலும் இதே கதைதான், 60ஐ 4 ஏத்துங்க, 230ஐ 2 இறக்குங்க, மத்ததைத் தொடாதீங்க. என் தம்பிக்கு வச்சுக் குடுத்தது இது மட்டும்தான்.

வேவ்லெட்ல ஆட்டோஈக்யூன்னு ஒரு இடம் இருக்கு, அங்க உங்க ஹெட்போன் மாடல் பேரைத் தேடி எடுத்தா அதுக்கு அளந்து பாத்த கரெக்ஷன் தானா வந்துடும். அது பெரும்பாலும் ஹார்மன் அளவு பேஸை ஏற்கனவே சேர்த்துத்தான் வச்சிருக்கும், அதனால அதுக்கு மேல 2 இல்லன்னா 3 போதும், திரும்பவும் 6 ஏத்தினா அளவு மீறிடும்.

சரியா வச்சிருக்கோமான்னு எப்படித் தெரியும்

ஈக்வலைசரை ஆன் ஆஃப் பண்ணிப் பாக்கும்போது ரெண்டும் ஒரே சத்தத்துல இருக்கணும். ப்ரீஆம்ப் இறக்கினதால ஆன்ல சத்தம் கம்மியா இருக்கும், எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லும், அதனால வால்யூமை சரி பண்ணிட்டுத்தான் தீர்ப்பு சொல்லணும். நீங்க வழக்கமா கேக்குற வால்யூம்லயே செட் பண்ணுங்க. சத்தம் குறையக் குறைய காதுக்கு பேஸ்தான் முதல்ல மறையும், இதை 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க அளந்து காட்டிட்டாங்க, ராத்திரி மெதுவா கேக்குறதுக்கு தனியா 2 டெசிபல் கூடுதலா ஒரு செட்டிங் சேவ் பண்ணி வச்சுக்கிட்டா நல்லது.

பேஸ் வர்ற நேரத்துல கரகரன்னு வந்தா முதல்ல ப்ரீஆம்ப் பாருங்க, அது சரியா இருந்தும் கரகரன்னா டிரைவரால முடியல, 2 டெசிபல் இறக்குங்க. கால் பேசும்போது ப்ளூடூத்ல பேஸ் காணாம போறது ஈக்வலைசர் கோளாறு இல்ல, மைக் ஆன் ஆனதும் அது கால் மோடுக்குப் போயிடும்.

வால்யூம் விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 83ன்னா 20 மணி நேரம்தான். கேட்டு முடிச்சதும் காதுல கொய்ங்னு ஒரு சத்தம் நின்னுச்சுன்னா அன்னைக்கு கழட்டி வச்சுடுங்க.

செட்டிங்கை ஒரு பேர் குடுத்து சேவ் பண்ணிட்டு ரெண்டு நாள் எதையும் மாத்தாம கேளுங்க. மூணாம் நாள் லோ ஷெல்ஃபை ஒரு டெசிபல் இறக்கிப் பாருங்க. எனக்கு முதல் நாள் 6 வேணும்னு தோணினது ஒரு வாரத்துல 4.5ல வந்து நின்னுச்சு, இன்னைக்கு வரைக்கும் அதுதான்.