சிடியைப் போட்டால் வேறு பெயர் வருகிறதா? ரிப் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறவினர் கல்யாணத்தில் நடந்த நாதஸ்வரக் கச்சேரியை யாரோ சிடியில் பதிந்து கொடுத்திருந்தார்கள். மொத்தமும் ஒரே டிராக், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. போன மாதம் அதை ரிப் செய்து, அதாவது கம்ப்யூட்டரில் கோப்பாக ஏற்றி வைக்கலாம் என்று டிரைவில் போட்டேன். பிளேயர் இரண்டு நொடி யோசித்துவிட்டு, ஏதோ ஒரு ஜெர்மன் சிறுவர் நாடகத்தின் பெயரைக் காட்டியது, அட்டைப் படத்தோடு. ஸ்பீக்கரில் மல்லாரி, திரையில் சிரிக்கும் கரடிக்குட்டி.

ஒரு சிடி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வீட்டில் இருக்கும் முந்நூறு சிடியையும் வரிசையாகப் போட்டு, வருகிற பெயருக்கெல்லாம் ‘சரி’ அழுத்திக்கொண்டே போனால், பிறகு எது யார் பாட்டு என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கும். இதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. பிளேயர் பாட்டைக் கேட்டுத்தான் பெயர் சொல்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு நொடிகூடக் கேட்பதில்லை.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980இல் ஆடியோ சிடிக்கான விதிகளை எழுதின. ரெட் புக் என்று அதற்குப் பெயர். ஒரு சிடியில் அதிகபட்சம் 99 டிராக், ஒரு நொடிக்கு 75 ஃபிரேம், எந்த டிராக் எந்த ஃபிரேமில் தொடங்குகிறது என்று வட்டின் உள்விளிம்பில் ஒரு பொருளடக்கம். பாட்டின் பெயருக்கோ பாடியவர் பெயருக்கோ அதில் இடம் வைக்கவில்லை. அத்தியாயத் தலைப்பே இல்லாமல் பக்க எண் மட்டும் அச்சிட்ட பொருளடக்கம் மாதிரி. பெயர்களை எழுத சிடி-டெக்ஸ்ட் என்ற வசதி 1996இல்தான் வந்தது. வந்த பிறகும் எல்லா நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்திய சிடிகளிலும், கார் ஸ்டீரியோவில் பெயர் அழகாக ஓடும், கம்ப்யூட்டரில் ‘டிராக் 1’ என்று நிற்கும். பல பிளேயர்கள் சிடி-டெக்ஸ்டைக் கண்டுகொள்வதே இல்லை. சிடியில் கோளாறு என்று நினைத்து அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வருகிறது? விண்டோஸ் 95 காலத்தில் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். அது நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்னக் கோப்பில் கிடக்கும். அதே தொண்ணூறுகளில் எக்ஸ்எம்சிடி என்ற பிளேயரை எழுதிய டி கானும் அவருடைய நண்பர் ஸ்டீவ் ஷெர்ஃபும், ஒருவர் தட்டச்சு செய்ததை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாமே என்று சிடிடிபி என்ற பொதுப் பட்டியலைத் தொடங்கினார்கள். உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் அலமாரியில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றினார்கள். பின்னால் அது கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமாக மாறியது. இலவசமாக உழைத்துக் கொடுத்தவர்களுக்குக் கோபம் வந்தது, ஃப்ரீடிபி, மியூசிக்பிரெயின்ஸ் என்ற மாற்றுகள் பிறந்தன. இவற்றில் ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டுவிட்டது. பழைய ரிப்பிங் மென்பொருள் திடீரென்று எந்த சிடியையும் அடையாளம் காணவில்லை என்றால், முதலில் அமைப்புகளுக்குள் போய் எந்த முகவரியைக் கேட்கிறது என்று பாருங்கள். இன்னும் ஃப்ரீடிபியின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். அதன் தரவுகளை வைத்து நடக்கும் க்னூடிபியின் முகவரியைப் போட்டால் பல மென்பொருள்கள் மறுபடியும் பேச ஆரம்பித்துவிடும்.

முதலில் வரும் பெயருக்கு ‘சரி’ சொல்வது

சிடிடிபியின் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை தெரிந்துகொண்டால், அப்புறம் யாரும் கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ அழுத்த மாட்டார்கள். ஒவ்வொரு சிடிக்கும் அது ஓர் எண் போடும். அந்த எண்ணுக்குள் மூன்று விஷயங்கள்தான்: எத்தனை டிராக், மொத்தம் எத்தனை நொடி, அப்புறம் டிராக்குகள் தொடங்கும் நொடிகளின் இலக்கங்களைக் கூட்டி 255ஆல் வகுத்தால் வரும் மீதி.

மூன்று பாட்டு உள்ள ஒரு சிடியை எடுத்துக்கொள்வோம். பாட்டுகள் 2, 250, 520ஆம் நொடிகளில் தொடங்குகின்றன, சிடி 800ஆம் நொடியில் முடிகிறது. இலக்கங்களைக் கூட்டுவோம்: 2, அடுத்தது 2+5+0, அடுத்தது 5+2+0. மொத்தம் 16. இப்போது இன்னொரு சிடி. அதிலும் மூன்று பாட்டு, அதுவும் 800இல் முடிகிறது. பாட்டுகள் தொடங்குவது 2, 205, 502இல். கூட்டிப் பாருங்கள், அதுவும் 16. முதல் பாட்டின் நீளத்தில் 45 நொடி வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் ஒரே எண். 250உம் 205உம் ஒன்று என்று சொன்னால் கணக்கு வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

டிராக் குறையக் குறைய நிலைமை இன்னும் மோசம். என் நாதஸ்வர சிடியில் ஒரே டிராக், அது வழக்கம்போல 2ஆம் நொடியில் தொடங்குகிறது. ஆகவே இலக்கக் கூட்டல் எப்போதும் 2தான். மிச்சம் இருப்பது மொத்த நீளம் ஒன்று மட்டும். 80 நிமிட சிடியில் 4,800 நொடிதான் உண்டு. உலகத்தில் உள்ள அத்தனை ஒரே-டிராக் சிடிகளும், உபன்யாசமோ தியான ஒலியோ மழைச் சத்தமோ ஜெர்மன் நாடகமோ, அந்த ஐயாயிரத்துக்கும் குறைவான எண்களுக்குள் அடங்கியாக வேண்டும். கரடிக்குட்டி வந்ததில் அதிசயமே இல்லை.

அதனால் நான் கடைப்பிடிப்பது இதுதான். பத்துப் பன்னிரண்டு பாட்டு உள்ள, கடையில் வாங்கிய சிடிக்குப் பெயர் வந்தால் ஓரளவு நம்புவேன். இரண்டு மூன்று டிராக் மட்டும் இருந்தால் நம்ப மாட்டேன், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாமல், கடைசிப் பாட்டையும் நடுவில் ஒன்றையும் பத்து நொடி ஓட்டிப் பார்ப்பேன். பெயர் தவறாக வரும் இடத்தைவிட, ஆல்பம் சரியாக இருந்து நடுவில் இரண்டு பாட்டு இடம் மாறியிருக்கும் இடம்தான் ஆபத்து. தட்டச்சு செய்த ஆள் அட்டையைப் பார்த்து அடித்திருப்பார், அட்டையில் ஒரு வரிசையும் வட்டில் வேறு வரிசையும் இருந்திருக்கும்.

பாட்டின் வகையை நம்புவது

ஃப்ரீடிபியில் மொத்தம் 11 வகைகள்தான் இருந்தன. ப்ளூஸ், கன்ட்ரி, ரெகே எல்லாம் இருந்தன, கர்நாடக இசைக்கோ இந்தியத் திரையிசைக்கோ தனி வகை இல்லை. அதோடு இன்னொரு கூத்தும் உண்டு. ஓர் எண்ணுக்கு ஒரு வகையில் ஒரே ஒரு சிடிதான் இருக்க முடியும். மேலே பார்த்தது போல எண் மோதினால், ஏற்றுகிறவர் காலியாக இருக்கும் வேறு வகையில் தன் சிடியைச் செருகிவிடுவார். சாஸ்திரிய சங்கீதம் ரெகேயில் போய் உட்காருவது இப்படித்தான். அந்தப் பட்டியலிலிருந்து வரும் வகையை அழித்துவிட்டு நீங்களே போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் எரித்த (அதாவது பதிந்த) சிடியை இணையத்தில் தேட விடுவது

பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கிய பழக்கம் நம் ஊரில் சிடி வந்த பிறகும் கொஞ்ச காலம் தொடர்ந்தது. அப்படி ஒருவருக்காகத் தொகுத்த சிடிக்கு உலகத்தில் எந்தப் பட்டியலிலும் பதிவு இருக்க வழியில்லை. அதற்கு ஒரு பெயர் வந்தால் அது தற்செயல். ரிப் செய்யும் முன் இணையத் தேடலை அணைத்துவிட்டுக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

அசல் ஆல்பத்தை நண்பர் அப்படியே நகல் எடுத்துத் தந்திருந்தாலும் பெயர் வராமல் போகலாம். டிராக் டிராக்காக எரிக்கும் முறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி நுழையும். பத்தாவது பாட்டுக்குப் போவதற்குள் பதினெட்டு நொடி தள்ளிப்போயிருக்கும். காதுக்கு அதே சிடி, பொருளடக்கத்துக்கு வேறு சிடி. எம்பி3 கோப்புகள் எரித்த சிடியின் கதையே தனி. அது வெறும் டேட்டா வட்டு, பெயர் அந்தக் கோப்புகளுக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

‘கிடைக்கவில்லை’ என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்வது

மியூசிக்பிரெயின்ஸின் நோய் நேர் எதிரானது. அது நொடியை விட்டுவிட்டு ஃபிரேமை எடுக்கிறது. டிராக்குகளின் தொடக்கம், சிடியின் முடிவு எல்லாவற்றையும் சேர்த்து 28 எழுத்துள்ள ஓர் அடையாளத்தை உருவாக்குகிறது. கரடிக்குட்டி மாதிரி மோதல் அதில் நடக்காது என்றே சொல்லலாம். ஆனால் ஒரே ஒரு ஃபிரேம், அதாவது நொடியில் 75இல் ஒரு பங்கு தள்ளியிருந்தாலும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும். அதே ஆல்பத்தை வேறு தொழிற்சாலையில் மறுபடி அச்சடித்திருந்தால் இது சாதாரணமாக நடக்கும்.

இங்கே பலர் செய்யும் தவறு, உடனே புதிய ஆல்பமாக ஏற்றிவிடுவது. ஒரே ஆல்பம் மூன்று முறை கிடக்க இதுதான் காரணம். முதலில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இருந்தால் உங்கள் சிடியின் அடையாளத்தை அந்தப் பதிவோடு இணைத்தால் போதும். வீடியோவோ வால்பேப்பரோ சேர்த்து விற்ற சிடிகளும் இதே தொல்லை தரும். கடைசியில் உள்ள டேட்டா பகுதியை ஒரு மென்பொருள் கணக்கில் சேர்க்கும், இன்னொன்று விட்டுவிடும்.

சரியாகப் பொருந்தாதபோது கிட்டத்தட்டப் பொருந்துவதைக் காட்டும் வசதியும் உண்டு. தமிழ்ப் படப் பாட்டு கேட்கிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். டப்பிங் படத்தில் இசை அதேதான், வரிகளும் சில நேரம் குரலும்தான் மாறும். ஆகவே தமிழ், தெலுங்கு, இந்தி ஆல்பங்களின் டிராக் நீளங்கள் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். தமிழ் சிடியைப் போட்டுத் தெலுங்குத் தலைப்புகள் வந்தால் பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீங்களே ஏற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். அப்படியே விட்டால் உங்கள் ஃபோல்டரில் அவர் நான்கு ஆளாகப் பிரிந்து கிடப்பார். ஒரு எழுத்துமுறையைப் பிடித்துக்கொண்டு மாறாமல் இருங்கள். ஆல்பம் கலைஞர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், ஒவ்வொரு டிராக்கிலும் பாடியவர்கள் என்று பிரித்துப் போட்டால் பிறகு தேடச் சுலபம்.

ரிப் சரியாக நடந்ததா என்று சோதிக்கும் அக்யூரேட்ரிப் பச்சை விளக்கு காட்டினால் பெயரும் சரி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது, உங்கள் டிரைவ் படித்த ஒலியும் மற்றவர்களின் டிரைவ் படித்த ஒலியும் ஒன்றா என்று மட்டும் சொல்லும். பெயரைப் பற்றி அது பேசவே இல்லை.

வேறு பெயர் வந்தால் எப்போதும் பிளேயர்தான் தப்பு என்பது

கடைசியாக, இதற்கு நேர்மாறான தவறு. ஜாய்ஸ் ஹட்டோ இங்கிலாந்துப் பியானோ கலைஞர். 1976க்குப் பிறகு மேடை ஏறவில்லை. ஆனால் கடைசிக் காலத்தில், நோயோடு போராடிக்கொண்டே அவர் வாசித்ததாகச் சொல்லி நூற்றுக்கு மேற்பட்ட சிடிகள் வந்தன. வெளியிட்டவர் அவருடைய கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப். விமர்சகர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். ஹட்டோ 2006இல் காலமானார்.

2007 தொடக்கத்தில் ரசிகர் ஒருவர், இசையமைப்பாளர் லிஸ்ட் எழுதிய எட்யூட்கள் என்ற பியானோ துண்டுகளை ஹட்டோ வாசித்ததாகச் சொன்ன சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டார். ஐட்யூன்ஸ் கிரேஸ்நோட்டைக் கேட்டுவிட்டு லாஸ்லோ சிமோன் என்ற வேறொரு பியானோ கலைஞரின் பெயரைக் காட்டியது. பிஸ் என்ற ஸ்வீடன் நிறுவனம் வெளியிட்டிருந்த பதிவு அது. நாமாக இருந்தால் பெயரை மாற்றிவிட்டு அடுத்த சிடியை எடுத்திருப்போம். அவர் விமர்சகர் ஜெட் டிஸ்லருக்கு எழுதினார். டிஸ்லர் இரண்டு சிடிகளையும் அருகருகே வைத்துக் கேட்டார். 12 டிராக்கில் 10 ஒன்றே போல இருந்தன. அடுத்து ஹட்டோவின் ரக்மானினோவ் கான்செர்ட்டோ சிடியைப் போட்டார். இன்னொரு பியானோ கலைஞர் யெஃபிம் ப்ரான்ஃப்மன் பெயர் வந்தது. விஷயம் ‘கிராமபோன்’ பத்திரிகைக்குப் போனது, ஒலிப் பொறியாளர் ஒருவர் அலைவடிவங்களை ஒப்பிட்டு உறுதி செய்தார். முதலில் மறுத்த பாரிங்டன்-கூப், பிறகு பிஸ் நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி, மற்றவர்கள் வாசித்ததை மனைவி பெயரில் வெளியிட்டதை ஒப்புக்கொண்டார்.