ஓவியத்தை வீட்டிலேயே பிரிண்ட் போடலாம், இருட்டடிக்காமல்

ஓவியத்தைப் பிரிண்ட் போடக் கடையில் கொடுத்தால் நிறம் அவர்கள் கையில். வீட்டிலேயே போட்டால் நம் கையில், தப்பும் நம்முடையதே. ஏ3+ தாள் ஏற்கும் பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்துகள் கொண்டது) பிரிண்டர், ராவில் (பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு வகை) படமெடுக்கும் கேமரா, கலர் ப்ரொஃபைலைக் (ஒரு கருவியோ தாளோ நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு) கையாளும் மென்பொருள் ஆகிய மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். டை மை (கரைந்த சாயம்) பிரிண்டரில் பழகிப் பார்க்கலாம். விற்கப் போகிற பிரிண்டுக்கு அது வேண்டாம், சீக்கிரம் வெளுத்துவிடும்.

முதலில் அறை

மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஓவியத்தின் மேலும் பிரிண்டின் மேலும் மஞ்சளைப் பூசும். அறை முழுக்க வண்ணம் மாற்ற வேண்டியதில்லை. ஓவியத்தையும் பிரிண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சுவருக்கு மட்டும் பளபளப்பில்லாத சாம்பலோ வெள்ளையோ அடித்தால் போதும். பல்பு 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேல். எல்லா பல்பும் ஒரே ரகமாக இருக்கட்டும். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் மஞ்சள் பல்பு என்றால் எந்த நிறத்தையும் நம்ப முடியாது.

பிரிண்டரை ஃபேனுக்கும் ஏசிக்கும் நேர் எதிரே வைக்காதீர்கள். காற்று, மை வெளிவரும் நுண்துளையான நாசிலை உலர்த்தும், தூசியையும் கொண்டுவரும். ஏ3+ தாள் 483 மி.மீ. நீளம், முன்னால் அது முழுதாக வந்து விழவும், பின்பக்கம் தடித்த தாளைச் செருகவும் இடம் வேண்டும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் தாள் சுருளாது. பேஸ்டல், சார்க்கோல் வேலை செய்யும் அறையில் பிரிண்டர் இருக்கவே கூடாது. வேறு வழியில்லையென்றால் வேலை முடிந்ததும் மூடி வையுங்கள்.

ஓவியத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது

ஏ4 அளவுக்குள் அடங்கும் தட்டையான வாட்டர்கலருக்கு ஸ்கேனரே சிறந்தது. அதே அளவில் பிரிண்ட் என்றால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), இரட்டிப்பு அளவென்றால் 600. மெலிதான சிஐஎஸ் ஸ்கேனர்களில், தாள் லேசாக மேடேறிய இடம் மங்கலாகிவிடும். சிசிடி வகை அதைத் தாங்கும்.

பெரிய ஓவியத்துக்கும், சாயம் தடித்து நிற்கும் அக்ரிலிக்குக்கும் கேமராதான். இரண்டு பக்கமும் 45 டிகிரியில், ஒரே தூரத்தில் விளக்குகள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, இரண்டு விநாடி டைமர், முதல் படத்தில் சாம்பல் அட்டை. கேமரா ஓவியத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஓவியத்தின் நடுவில் சிறு கண்ணாடி ஒன்றைத் தட்டையாக ஒட்டுங்கள். வியூஃபைண்டரின் நடுவில் லென்ஸ் தன்னையே பார்த்தால் நேராக இருக்கிறது என்று பொருள். ரசமட்டத்தை விட இது துல்லியம். பிறகு ஓவியம் இருந்த இடத்தில் வெள்ளைத் தாளை மாட்டி ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளின் எண் மதிப்பைப் பாருங்கள். 0 முதல் 255 வரையான அந்த எண்ணில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விளக்கை நகர்த்துங்கள். மென்பொருளில் சரிசெய்து கொள்ளலாம் என்று விட்டால் அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

300 டிபிஐயில் ஏ4க்கு 2480×3508 பிக்சல், ஏ3க்கு 3508×4961. 24 மெகாபிக்சல் கேமரா ஏ3 வரை தாராளமாகப் போகும். மேட் (பளபளப்பில்லாத) தாளில் 240 டிபிஐ கூடப் போதும். ராவைத் திறந்து 16 பிட், அடோபி ஆர்ஜிபியில் சேமியுங்கள்.

பிரிண்ட் ஏன் இருட்டாக வருகிறது

ஆரம்பக்காரர் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். படத்தில் பிரைட்னஸை ஏற்றி ஏற்றி மறுபடி அடிப்பார்கள். தாளும் மையும் தீரும். முதலில் எந்த நோய் என்று பாருங்கள். நிறம் சரியாக இருந்து எல்லாம் ஒரே சீராக இருண்டிருந்தால் மானிட்டர்தான் காரணம். மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) ஏறி, நிறங்கள் முறுக்கேறித் தெரிந்தால் கலர் திருத்தம் இரண்டு முறை நடந்திருக்கிறது.

மானிட்டர்: கடையிலிருந்து வரும்போது கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில்தான் வரும். பிரிண்ட் வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (வெளிச்ச அளவு) போதும். அளக்கும் கருவி இல்லையா? பிரிண்டைப் பார்க்கும் அதே விளக்கின் கீழ், திரைக்குப் பக்கத்தில் பிரிண்ட் தாளைப் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். திரை அழுது வடிகிற மாதிரி இருக்கும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் போன்ற வசதிகளை அணைத்துவிடுங்கள். கருவி வாங்கக் காசு இருந்தால், புது லென்ஸுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

இரட்டைத் திருத்தம்: நிறத்தை மென்பொருள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) மாற்ற வேண்டும். இரண்டும் மாற்றக் கூடாது.

1. தாள் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் பிரிண்டர் மாடலுக்கும் அந்தத் தாளுக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைலை இறக்கி நிறுவி, மென்பொருளை மூடித் திறங்கள்.
2. ஃபோட்டோஷாப் பிரிண்ட் பெட்டியில் நிறத்தை ஃபோட்டோஷாப்பே கையாளும்படி வைத்து, அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ரெண்டரிங் இன்டென்ட் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் ஆன்.
3. அதே பெட்டியிலிருந்து டிரைவர் செட்டிங்கைத் திறந்து கலர் கரெக்ஷனை ஆஃப் செய்யுங்கள்.
4. மீடியா டைப்பில், ப்ரொஃபைலுடன் வந்த குறிப்பு சொல்லும் தாள் வகையையே வையுங்கள். எவ்வளவு மை கொட்டுவது என்பதை முடிவு செய்வது இதுதான். தாளின் பெயரோடு பொருந்தாத வகையைச் சொல்லியிருந்தாலும் குறிப்பையே நம்புங்கள்.

மூன்றாவது படியைத்தான் மறப்பார்கள். நான்கையும் பிரிசெட்டாகப் பெயரிட்டுச் சேமித்தாலும், டிரைவர் அப்டேட் ஆன அன்று கலர் கரெக்ஷன் பழையபடி ஆன் ஆகியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடிக்கும் முன், பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் பாருங்கள் (ஃபோட்டோஷாப்பில், விண்டோஸ் என்றால் கண்ட்ரோல்+ஒய்). தாளின் வெண்மையையும் காட்டச் சொன்னால் படம் சட்டென்று சோர்ந்து போகும். அந்த விநாடி திரையைப் பார்க்காமல் இருந்துவிட்டுப் பிறகு பார்த்தால் அதிர்ச்சி தெரியாது. ஓபரா ரோஸ் என்ற இளஞ்சிவப்பு போன்ற ஒளிரும் சாயங்கள் இங்க்ஜெட்டில் அப்படியே வரவே வராது. அதற்காகச் சண்டை போடாதீர்கள். பக்கத்திலுள்ள நிறங்களைக் கொஞ்சம் தணித்தால் இளஞ்சிவப்பு எடுத்துத் தெரியும்.

முழுத்தாளில் சோதிக்க வேண்டாம். ஓவியத்தின் மிக இருண்ட இடம், மிக வெளிறிய இடம், மிக அடர்ந்த நிறம் மூன்றையும் வெட்டி, இறுதி அளவிலேயே ஒரே ஏ4இல் அடுக்கி அடியுங்கள். அரை மணி உலரவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் பார்த்த மேட் கருப்பு உலர்ந்தபின் வேறு.

தாளும் அடிப்பதும்

வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் பருத்தி மேட், எண்ணெய் ஓவியத்துக்கு பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ள, லேசாகப் பளபளக்கும் தாள்). மேட்டுக்கு மேட் பிளாக் மை, பரைட்டாவுக்கு ஃபோட்டோ பிளாக். மாற்றி அடித்தால் கருப்பு வெளிறும், அல்லது ஒட்டாமல் தேய்ந்து வரும். நீலம் கலந்து பளிச்சென்று தெரியும் வெள்ளைத் தாளில் ஒளிர்வூட்டிகள் இருக்கும். நாளடைவில் அவை வலுவிழந்து தாள் மஞ்சளாகத் தெரியும் என்பதால் எனக்கு அது பிடிக்காது.

எந்தப் பக்கம் பூச்சு என்று குழம்பினால், லேசாக ஈரப்படுத்திய விரலால் மூலையைத் தொடுங்கள். ஒட்டுகிற பக்கமே அச்சுப் பக்கம்.

பருத்தித் தாளைச் செருகும் முன் செங்குத்தாகப் பிடித்து மெல்லிய தூரிகையால் இருமுறை துடையுங்கள். உதிரும் நிலையிலுள்ள இழை ஒன்று மேலே கிடந்தால் மை அதன்மேல் விழும். பிறகு இழை கழன்றதும் அடர்நீல வானத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. அதைப் பென்சிலால் மறைக்கவெல்லாம் முடியாது.

தாள் ஓரத்தில் கருப்புத் தீற்றல் வந்தால் ஹெட் (மை தெளிக்கும் பகுதி) உரசுகிறது. சுருண்ட தாளை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்துங்கள், தடித்த தாளுக்கான இடைவெளியை டிரைவரில் கூட்டுங்கள். ஒவ்வொன்றாக மட்டும் செருகுங்கள். சுற்றிலும் 25 மி.மீ. வெள்ளை விடுவது ஓரத் தீற்றலையும் தவிர்க்கும், கையெழுத்துக்கும் இடம் தரும்.

தொடங்கும் முன் நாசில் செக். கோடு விட்டிருந்தால் ஒரு கிளீனிங், மறுபடி செக். தொடர்ந்து நான்கைந்து முறை ஓட்டினால் மைதான் வீணாகும், கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடும் நிரம்பும். இரவு முழுக்க விட்டு மறுநாள் பாருங்கள். பிரிண்டரை எப்போதும் அதன் பட்டனில் அணையுங்கள். வேலை நடுவே சுவர் சுவிட்சில் அணைத்தால் ஹெட் மூடிக்குள் போகாமல் வெளியே நின்று காயும்.

உலர்த்தி, வெட்டி, கையெழுத்து

24 மணி நேரம் உலராமல் ஃபிரேம் போட்டால் மையிலிருந்து எழும் ஆவி கண்ணாடியின் உட்புறம் பனிப்படலம் போலப் படியும். சாதாரணத் தாளை மேலே வைத்தால் அது ஆவியை உறிஞ்சும். நடுவில் ஒருமுறை மாற்றுங்கள். வெட்டும்போது எஃகு ஸ்கேல், புது பிளேடு, அழுத்தாமல் நான்கு இழுப்பு.

கையெழுத்து பென்சிலில். இடப்பக்கம் 3/25 என்று எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் பெயர். 25 என்று எழுதிவிட்டால் 26ஆவது கிடையாது. சோதனைத் தாளின் பின்புறம் கோப்பின் பெயர், தாள், ப்ரொஃபைல், மீடியா டைப் நான்கையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து பதினான்காவது பிரதி கேட்டு ஒருவர் வரும்போது தேவைப்படும்.

பின்சேர்க்கை: மேக்கில் மீடியா டைப்பும் கலர் ஆஃபும் கண்ணிலேயே படவில்லையென்றால், பிரிண்டர் ஏர்பிரிண்ட் (ஆப்பிளின் பொதுவான பிரிண்ட் முறை) டிரைவரில் சேர்ந்திருக்கும். பட்டியலிலிருந்து நீக்கி, தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவி, மறுபடி சேர்க்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள்.