கப்பியில் புது டிசைன் வேண்டுமா? பெண் மீனைப் பாருங்கள்

கப்பி (guppy) என்ற சின்ன வண்ண மீனை வாங்கப் போனால் எல்லோரும் ஆண் மீனின் வாலைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பெண் எதுவானாலும் சரி என்று கடைக்காரர் வலையில் விழுவதை வாங்கி வந்துவிடுவார்கள். கலர் கலராகக் குட்டி கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு அது சரிதான், ஆனால் ஒரு குறிப்பிட்ட டிசைனை உருவாக்க நினைத்தால் இந்தப் பழக்கம் ஆகாது, ஏனென்றால் குட்டியின் பாதி மரபணு அந்தச் சாம்பல் நிறப் பெண்ணிடமிருந்துதான் வருகிறது, அதுவும் வெளியே காட்டாமல் உள்ளேயே வைத்திருக்கும்.

முதலில் கன்னிப் பெண் வேண்டும். பெண் கப்பி ஒரு முறை இணை சேர்ந்தால் விந்தணுவை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து அடுத்தடுத்து குட்டி போடும். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் அந்தப் பெண் ஏற்கெனவே சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பவரிடம் நேரடியாகக் கேட்டுப் பிரித்து வைத்த பெண்ணை வாங்கலாம் (சென்னைக்காரர்களுக்கு வண்ண மீனுக்குப் பேர்போன கொளத்தூர் இருக்கிறது). இல்லையென்றால் வாங்கிய பெண் வீட்டில் போடும் குட்டிகளைப் பிரித்து வளர்க்க வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள்: பெண்ணுக்கு அடிவயிற்றின் பின்பக்கம் கருமையான புள்ளி தெரியும், ஆணுக்கு அடித்துடுப்பு ஒடுங்கிக் குச்சி மாதிரி ஆகும். சந்தேகமாக இருக்கிற குட்டியைப் பெண்கள் தொட்டியில் விடவே விடாதீர்கள், ஒரே ஒரு ஆண் போதும் மொத்தத்தையும் கெடுக்க.

அப்புறம் எந்த குணம் எந்த வழியில் இறங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கப்பியின் சில நிறங்கள் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகின்றன. 1920இலேயே டென்மார்க்கில் யோஹானஸ் ஷ்மிட் கப்பியின் முதுகுத் துடுப்பில் இருந்த ஒரு புள்ளியை வைத்து இதைக் காட்டிவிட்டார், அந்த மரபணு ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் இருக்கிறது. பாம்புத் தோல் மாதிரி இருக்கும் ஸ்நேக்ஸ்கின் டிசைனும் பெரும்பாலான லைன்களில் (ஒரே வகையாக வளர்த்துவரும் பரம்பரைகளில்) இப்படித்தான். ஆல்பினோ (கருநிறமி இல்லாத, சிவப்புக் கண் மீன்) வேறு வகை, அம்மா அப்பா இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும்.

இந்த இரண்டையும் சேர்த்து ஆல்பினோ ஸ்நேக்ஸ்கின் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல ஸ்நேக்ஸ்கின் ஆணை ஆல்பினோ கன்னிப் பெண்ணோடு விடுங்கள். குட்டி போட நான்கு வாரம் போல ஆகும். முதல் தலைமுறையில் ஒரு ஆல்பினோகூட வராது, எல்லாம் சாதாரண உடம்பு, ஆண்களில் ஸ்நேக்ஸ்கின் இருக்கும். பலர் இங்கேதான் மனம் உடைந்து மொத்தத்தையும் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். பொறுங்கள், ஆல்பினோ உள்ளே இருக்கிறது. இந்த அண்ணன் தங்கைகளையே இணை சேர்த்தால் அடுத்த தலைமுறையில் சராசரியாக நான்கில் ஒன்று ஆல்பினோ, அதில் பாதி ஆண், அதாவது 40 குட்டியில் 5 ஆல்பினோ ஸ்நேக்ஸ்கின் ஆண்.

இன்னும் அதிகமாக வேண்டுமென்றால் முதல் தலைமுறை ஆணைத் திரும்பவும் ஆல்பினோ பெண்ணோடு சேர்க்கலாம், 40இல் 10 வரை கிடைக்கும். ஆனால் அதே தாயை வைக்காதீர்கள், அதன் வயிற்றில் பழைய ஆணின் விந்தணு மிச்சம் இருக்கும். தாயோடு பிறந்த இன்னொரு கன்னிப் பெண் இருந்தால் நல்லது, அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று பெண்ணாக வாங்கி வையுங்கள்.

ஆல்பினோ குட்டியைப் பிறந்த அன்றே சிவப்புக் கண்ணை வைத்துப் பிரித்துவிடலாம், பிரிக்கவும் வேண்டும். பார்வை கொஞ்சம் மட்டு, மற்ற குட்டிகளோடு போட்டி போட்டுச் சாப்பிடத் திணறும். தனி டப்பா, ஸ்பாஞ்ச் ஃபில்டர், அப்போது பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர்க் குட்டி இறால்) தினம் இரண்டு வேளை, முடிந்தால் மொய்னா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி. 24 முதல் 28 டிகிரி போதும். உப்புத்தன்மை கொஞ்சம் உள்ள போர் தண்ணீர் கப்பிக்கு ஒத்துப்போகும், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மட்டும் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். தாய் குட்டியைத் தின்னும், பாசி நிறையப் போட்டு வையுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது கலரை மட்டும் பார்க்காதீர்கள். முதுகு வளைந்தது, ஒட்டிய வயிறு, சுறுசுறுப்பில்லாதது எதையும் அடுத்த ஜோடிக்கு எடுக்கக் கூடாது, டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும். அண்ணன் தங்கையாகவே பல தலைமுறை ஓட்டினால் மீன் சிறுத்து, குட்டி எண்ணிக்கையும் குறையும். அதே வகையில் இன்னொருவரிடம் இருக்கிற லைனிலிருந்து ஒரு மீன் கொண்டுவாருங்கள். ஆண் மாதிரியே பளபளவென்று கலர் காட்டும் பெண்ணை யாராவது விற்றால் யோசியுங்கள், ஹார்மோன் கொடுத்திருக்கலாம், அது குட்டி போடாமலும் போகலாம்.

ஒவ்வொரு டப்பாவிலும் அப்பா, அம்மா, பிறந்த தேதி எழுதி ஒட்டுங்கள். வேண்டாத குட்டிகளை நண்பர்களுக்கோ கடைக்கோ கொடுங்கள், ஏரியிலோ குளத்திலோ விட வேண்டாம், அங்கே இருக்கிற நாட்டு மீனுக்கு அது தொல்லை.