மளிகைக் கடையில் எதை எவ்வளவு இறக்குவது: பில் கணக்கைப் படிக்கும் முறை

பில் போடும் மென்பொருள் உள்ள கடையில் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஆர்டர் எடுக்க வருபவர் சொல்லும் எண்ணிக்கையைத்தான் பலரும் எழுதிக் கொடுக்கிறார்கள். இதை மாற்ற, முதலில் கேள்வியைக் குறுக்குங்கள். "வியாபாரம் எப்படி?" என்பதற்கு எந்தக் கணக்கும் பதில் தராது. "இட்லி அரிசி 26 கிலோ மூட்டை வாரத்துக்கு எத்தனை?" என்பதற்குத் தரும்.

கடைசி 3 மாத பில்களை எக்செலில் இறக்குங்கள். தேதி, பொருள், அளவு, கொள்முதல் விலை, விற்ற விலை ஆகிய ஐந்து பத்திகள் போதும். இரண்டு விலைகளிலும் ஜிஎஸ்டியைக் கழித்துவிடுங்கள். "து.பருப்பு", "துவரம் பருப்பு", "துவரம்பருப்பு 1கி" என்று ஒரே சரக்கு மூன்று பெயரில் இருக்கும், அரைக் கிலோ ஓரிடத்தில் 0.5 என்றும் இன்னோரிடத்தில் 500 என்றும் பதிவாகியிருக்கும். பாதி நேரம் இதைச் சரிசெய்யவே போய்விடும். சலித்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் அதன்பின் போடும் கணக்கெல்லாம் வீண்.

பிறகு பிவட் டேபிள் (ஒரே பொருளின் வரிகளைத் தானாகக் கூட்டித் தரும் எக்செல் வசதி) போட்டு, பொருள்வாரியாக மொத்த லாபத்தை இறங்குவரிசையில் அடுக்குங்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, லாபத்தில் 80 சதவீதம் எட்டும் இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். அதற்கு மேலே உள்ளவற்றை வாரந்தோறும் பாருங்கள், மற்றவற்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். 10 வாங்கினால் 1 இலவசம் என்று ஸ்கீமில் வந்த சரக்குக்கு, 10க்குக் கொடுத்த மொத்தத் தொகையை 11 ஆல் வகுத்து அடக்கவிலை போட மறக்காதீர்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது சராசரியில்தான். ஒரு எண்ணெய் பாக்கெட் 30 நாளில் 240 விற்றிருக்கிறது. நாளுக்கு 8 என்று எழுதிவிடுவோம். ஆனால் அதில் 10 நாள் அலமாரி காலியாக இருந்திருந்தால், விற்ற நாட்கள் 20தான். உண்மையான தேவை நாளுக்கு 12. எட்டை நம்பி ஆர்டர் போட்டால் அடுத்த மாதமும் சரக்கு தீரும், கணக்கும் மறுபடி குறைவாகவே காட்டும். விற்றது மட்டுமே பில்லில் ஏறும். கேட்டுக் கிடைக்காமல் திரும்பிப் போனவர் அதில் இல்லை. அதனால் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, "இல்லை" என்று சொன்ன பொருளையெல்லாம் தேதியோடு குறிக்கச் சொல்லுங்கள். எந்த மென்பொருளும் தராத தகவல் இது.

எப்போது ஆர்டர் போடுவது? அதே எண்ணெய் சராசரியாக நாளுக்கு 12, அதிகபட்சம் 20 போகிறது. சரக்கு வர வழக்கமாக 3 நாள், தாமதமானால் 4 நாள் ஆகிறது. 12 × 3 = 36 சாதாரணத் தேவை. மோசமான நிலையில் 20 × 4 = 80 தேவைப்படும். வித்தியாசமான 44தான் கைகாப்பு இருப்பு, அதாவது தேவை கூடினாலோ சரக்கு தாமதமானாலோ சமாளிக்க வைக்கும் கூடுதல் சரக்கு. ஆக, இருப்பு 80க்கு இறங்கியதும் ஆர்டர் போக வேண்டும். சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்குக்கு இவ்வளவு கைகாப்பு வேண்டாம்.

ஒப்பிடும்போது தேதியை மட்டும் பார்க்காதீர்கள். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு வைத்தால் இல்லாத வளர்ச்சி தெரியும். பண்டிகைக்கு முந்தைய 15 நாட்களை அதே 15 நாட்களோடு வையுங்கள். சம்பளம் வரும் முதல் வாரத்தையும் மூன்றாம் வாரத்தோடு சேர்க்கக் கூடாது.

புதிய அளவை முதலில் 5 பொருட்களில் மட்டும் 4 வாரம் நடத்துங்கள். அலமாரி காலியான நாட்கள் குறைந்தனவா, மீந்த சரக்கு கூடியதா என்று இரண்டையும் எண்ணிப் பார்த்த பிறகே ஆறாவது பொருளுக்குப் போங்கள்.