கொடியேற்றத்தில் சல்யூட் செய்ய வேண்டியவர் யார்?

ஆகஸ்ட் 15 அன்று தஞ்சை, குடந்தை, மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் கொடியேற்றத்தைக் காண வரும் பெற்றோர் பலர், சல்யூட் செய்வதா, கைகூப்புவதா என்று தயங்கி நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி, சீருடையில் இருப்பவர்கள் தமக்குரிய முறையில் சல்யூட் செய்ய வேண்டும். மற்றவர்கள் கொடியை நோக்கி அசையாமல் நேராக நின்றாலே அது முழு மரியாதைதான்.

படைகளின் சல்யூட்டும் ஒன்றுபோல் இராது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்: தரைப்படையில் உள்ளங்கை முன்னோக்கி விரிந்திருக்கும், கடற்படையில் தரையை நோக்கியிருக்கும், விமானப்படையிலோ 2006 முதல் 45 பாகைச் சாய்வில் அமைகிறது. விழா முடிந்து ஊரிலுள்ள முன்னாள் படைவீரரைச் சந்திக்கும்போது, அரைகுறையாகச் சல்யூட் செய்வதைவிட, நம் வழக்கப்படி கைகூப்பி வணக்கம் சொல்வதே அவருக்குச் செய்யும் சிறப்பு என்று கருதுகிறேன்.