அப்கிரேடுக்குப் பிறகு புரோகிராம் ஓடவில்லையா? லைப்ரரியைப் பாருங்கள்

லினக்ஸை அப்கிரேட் செய்ததும் பழைய புரோகிராம் ஒன்று லிப்எஸ்எஸ்எல் (libssl) 1.1 என்ற லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோடு அடங்கிய கோப்பு, இல்லை என்று அடம்பிடித்தால், உடனே எங்கிருந்தோ அந்தக் கோப்பை இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போட்டுவிடாதீர்கள். முதலில் அந்தப் புரோகிராமின் மேல் எல்டிடி (ldd) கட்டளையை ஓட்டுங்கள், எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது, எதற்கு நேரே 'நாட் ஃபவுண்ட்' என்று இருக்கிறது என்பது வரிவரியாகத் தெரிந்துவிடும். (நம்பிக்கையில்லாத கோப்பின் மேல் எல்டிடி வேண்டாம், சில சமயம் அது புரோகிராமையே இயக்கிவிடும்.)

சிலர் புதிய கோப்புக்குப் பழைய பெயரில் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டு ஏமாற்றப் பார்ப்பார்கள். உபுண்டு 22.04-இல் இருப்பது, லிப்எஸ்எஸ்எல்லைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பின் 3-ஆம் பதிப்பு. பெயரில் உள்ள எண் மாறியதே பழைய பைனரிக்கு (கம்பைல் செய்த புரோகிராம் கோப்புக்கு) அது பொருந்தாது என்று சொல்லத்தான். தொடங்கினாலும் பாதியில் விழும்.

புரோகிராமைப் புதிய லைப்ரரியோடு மறுபடி கம்பைல் செய்வதுதான் சரியான வழி. புரோகிராமின் சோர்ஸ் கோடு கையில் இல்லையா? பழைய லைப்ரரியைத் தனி ஃபோல்டரில் வைத்து, அந்தப் புரோகிராமைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் மட்டும் எல்டி_லைப்ரரி_பாத் (LD_LIBRARY_PATH, லைப்ரரியை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் மாறி) கொடுங்கள், டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் போட்டால் மற்றவையும் சேர்ந்து குழம்பும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்தது, அதனால் இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சர்வரில் இதைச் செய்யாதீர்கள். மோதல் ஜிலிப்சியிலேயே (glibc, லினக்ஸில் கிட்டத்தட்ட எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) என்றால் அதைத் தொடவே வேண்டாம், புரோகிராமை கன்டெய்னருக்குள், அதாவது தனக்கான லைப்ரரிகளோடு தனித்து இயங்கும் சூழலுக்குள், ஓட்டுங்கள்.