1974 ரயில்வே வேலைநிறுத்த வரலாற்றை உங்கள் ஊரிலிருந்து எழுதுவது எப்படி

1974-ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி டெல்லியிலிருந்து பார்த்து எழுதப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், பிரதமர் இந்திரா காந்தி, ரயில்வே அமைச்சர் எல்.என். மிஸ்ரா ஆகிய மூவரைச் சுற்றியே கதை நகரும். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனும் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனும் எண்ணிக்கையாக மட்டும் வந்துபோவார்கள். உங்கள் ஊரில் எஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டோ பட்டறையோ ரயில்வே காலனியோ இருந்தால், அந்த 20 நாட்களை அங்கிருந்து எழுத இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அன்று 25 வயதில் இருந்தவர்கள் இன்று 75-ஐத் தாண்டியவர்கள் என்பதால் காலம் மட்டும் அதிகமில்லை.

யாரையும் சந்திக்கப் புறப்படுவதற்கு முன் தேதிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். 1973 ஆகஸ்டில் லோகோ ஓட்டும் ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தம், அதே ஆண்டின் பிற்பகுதியில் பீட்டர் அல்வாரிஸைத் தோற்கடித்து அகில இந்திய ரயில்வேமென் சம்மேளனத்தின் தலைவராக பெர்னாண்டஸ் வந்தது, 1974 பிப்ரவரியில் பல சங்கங்கள் சேர்ந்து ரயில்வே ஊழியர் போராட்டத்துக்கான தேசிய ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தது, ஏப்ரல் 23-இல் நோட்டீஸ் கொடுத்தது, பேச்சுவார்த்தை முறியாத நிலையிலேயே மே 2-ஆம் தேதி பெர்னாண்டஸ் லக்னோவில் கைது செய்யப்பட்டது, மே 8 காலை வேலைநிறுத்தம் தொடங்கியது, மே 27-இல் அது திரும்பப் பெறப்பட்டது என அந்தத் தாள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இந்தத் தாள் கையில் இல்லாமல் பேட்டிக்குப் போனால், சொல்பவர் எந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொல்கிறார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

இதை அனுபவத்தில் கற்றேன். திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் பணி ஓய்வு பெற்ற ஒரு கலாசியிடம் (உதவித் தொழிலாளியிடம்), போலீஸ் துப்பாக்கிச் சூடு பற்றி அவர் சொன்னதை நான் இரண்டு பக்கங்களுக்கு எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சரிபார்த்தபோதுதான், அது 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது பொன்மலையில் 5 தொழிலாளர்கள் கொல்லப்பட்ட நிகழ்ச்சி என்பது புரிந்தது. அவர் அதைப் பார்த்தவரே அல்லர்; ஆண்டுதோறும் தியாகிகள் நினைவுக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு, அது அவருடைய சொந்த நினைவாகவே ஆகியிருந்தது. மறுமுறை போய்க் கேட்டபோது, “எல்லா ஸ்ட்ரைக்கும் ஒண்ணாக் கலந்து கிடக்கு, தம்பி” என்று சிரித்தார். நாகப்பட்டினம் பட்டறை பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது ஆட்குறைப்பை எதிர்த்து 1928-இல் நடந்ததும், பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் கைதானதுமான வேலைநிறுத்தம், மத்திய அரசு ஊழியர்களின் 1960 ஜூலை வேலைநிறுத்தம், 1968 செப்டம்பர் 19-இன் ஒருநாள் வேலைநிறுத்தம் ஆகிய மூன்றும் இதேபோல் 1974-உடன் கலந்துவிடக்கூடியவை.

கலந்த நினைவைப் பிரிக்க ஒரு வழி உண்டு. தேதியைக் கேட்காமல், தேதி தெரிந்த வேறொன்றைக் கேட்க வேண்டும். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, மே 18 சனிக்கிழமையன்று, பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. “ரேடியோவில் குண்டு வெடித்த செய்தி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்ற கேள்விக்குப் பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்கிறது. சிலர் சிறையில் இருந்ததாகவும், சிலர் உறவினர் வீட்டில் ஒளிந்திருந்ததாகவும், சிலர் அதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டதாகவும் சொல்வார்கள். அந்த ஒரு பதிலை வைத்து முன்னும் பின்னுமாக நாட்களைக் கோர்த்துவிடலாம். அந்த 20 நாட்களும் ஏறத்தாழ முழுவதும் கத்திரி வெயிலில் கழிந்தவை என்பதும் உதவும். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிப் பாத்திர பண்டங்களை வெளியே வைத்ததைச் சொல்லும் பெண்கள், தேதியை மறந்திருந்தாலும், எந்த மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள் என்பதை மறப்பதில்லை. ஆகவே பேட்டியை ஊழியரோடு நிறுத்தாமல், அவருடைய மனைவியிடமும் தனியாகப் பேசுங்கள். என் மதிப்பீட்டில், அந்த நாட்களின் நம்பகமான சாட்சிகள் அவர்கள்தாம், ஏனென்றால் கடையில் கடன் சொன்னவர்களும் வாசலில் போலீஸுக்குப் பதில் சொன்னவர்களும் அவர்களே.

கோரிக்கைகளை எழுதும்போது வெறும் பட்டியலாகத் தர வேண்டாம். போனஸ், பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு இணையான சம்பளம், விலைவாசியோடு இணைந்த பஞ்சப்படி, தற்காலிகக் கூலிகளை நிரந்தரமாக்குதல், மலிவு விலையில் தானியம், 8 மணி நேர வேலை ஆகியவை எல்லா நூல்களிலும் உள்ளன. வாசகருக்கு விளங்காமல் இருப்பது கடைசிக் கோரிக்கை. 1974-இல் 8 மணி நேர வேலையைக் கேட்டுப் போராட வேண்டியிருந்ததா என்று இளைஞர்கள் வியப்பார்கள். அதற்கு விடை ரயில்வேயின் வேலைநேர விதிகளில் இருக்கிறது. வேலையைத் ‘தொடர்ச்சியானது’, ‘கடுமையானது’, ‘இடைவெளி உள்ளது’ என்று பிரித்து, லெவல் கிராசிங் கேட்கீப்பரைப் போன்றவர்களை மூன்றாம் வகையில் வைத்து, அவர்களிடம் 12 மணி நேரம் வேலை வாங்க விதி இடம் கொடுத்தது. இரண்டு ரயில்களுக்கு நடுவே கேட்கீப்பர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பது அதன் வாதம். கேட்டை விட்டு அவர் எங்கும் போக முடியாது என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. டிரைவருக்கும் பயர்மேனுக்கும் பிரச்சினை வேறு: நீராவி எஞ்சினில் நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டே போகும் வண்டி, சிக்னல் கிடைக்காமல் ஏதோ ஒரு சிறு ஸ்டேஷனில் மணிக்கணக்கில் நின்றுவிட்டால், இறங்கிப் போக வழியில்லை. நீதிபதி மியாபாய் தலைமையிலான தீர்ப்பாயம் 1972-இல் அறிக்கை கொடுத்த பிறகும், 1973 வேலைநிறுத்தத்துக்குப் பின் 10 மணி நேர வரம்பு ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகும் மனக்குறை தீராததற்கு இதுவே காரணம். உங்கள் ஊர் ஓய்வுபெற்ற பயர்மேனிடம், அவர் தொடர்ந்து பார்த்த மிக நீண்ட டூட்டி எத்தனை மணி நேரம் என்று கேட்டு, அந்த ஒரு பயணத்தை மட்டும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக எழுதுங்கள்.

எண்களில் கவனம் தேவை. 17 லட்சம் என்ற எண் எல்லா இடங்களிலும் வரும். அது ரயில்வேயில் வேலை பார்த்த நிரந்தர ஊழியரையும் தற்காலிகக் கூலிகளையும் சேர்த்துச் சொல்லப்படுகிறதா, வேலைக்கு வராமல் நின்றவர்களைக் குறிக்கிறதா, அப்படி நின்றவர்கள் என்றால் முதல் நாளா பதினைந்தாம் நாளா என்று பார்க்காமல் எடுத்தாளக் கூடாது. கைது எண்ணிக்கையும் அப்படித்தான். அரசு சொன்னதும் சங்கங்கள் சொன்னதும் ஒத்துப்போகாது. இரண்டையும் யார் சொன்னது என்ற குறிப்போடு தருவதே நேர்மை. சராசரி எடுப்பது அபத்தம்.

காகிதங்களைத் தேடும்போது நாடாளுமன்ற விவாதங்களிலிருந்து தொடங்கலாம்; மக்களவை விவாதங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அன்றைய நாளிதழ்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகமும், தமிழ் வெளியீடுகளுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உதவும். ஆங்கில நாளிதழ் ஒன்றையும் மார்க்சிஸ்ட் கட்சி நாளிதழான தீக்கதிரையும் ஒரே தேதிக்கு அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்று ஓடிய ரயில்களை எண்ணும், மற்றொன்று ஓடாதவற்றை எண்ணும். நொய்டாவில் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தோடு இணைந்த இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகத்தையும் விட்டுவிட வேண்டாம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ள காகிதம் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும். சஸ்பென்ஷன் உத்தரவு, சார்ஜ் ஷீட், குவார்ட்டர்ஸ் காலி செய்யும் நோட்டீஸ், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழோ விசாரணையின்றிச் சிறைவைக்க இடம் கொடுத்த மிசா சட்டத்தின்கீழோ கைதானதற்கான தாள், மே மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கேளுங்கள். நான் பார்த்த ஒரு சம்பளச் சீட்டில் பிடித்தங்கள் போகக் கையில் வந்தது பூஜ்யத்தைவிடச் சற்றே அதிகம். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் மளிகைக் கடன் கணக்கு. பணிப் பதிவேட்டில் ‘சர்வீஸ் பிரேக்’ (பணித் தொடர்ச்சி முறிவு) என்ற குறிப்பு இருந்தால், அது எப்போது போடப்பட்டது, எப்போது நீக்கப்பட்டது என்ற இரண்டு தேதிகளும் தேவை. 1977-இல் ஜனதா அரசு வந்து, மது தண்டவதே ரயில்வே அமைச்சரான பிறகு, வேலை இழந்தவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளை அந்தக் குடும்பம் எதை வைத்து ஓட்டியது என்பதுதான் நீங்கள் எழுத வேண்டிய அத்தியாயம். போனஸ் கோரிக்கை, உற்பத்தித் திறனோடு இணைந்த போனஸ் என்ற வடிவில், 1979-இல்தான் நிறைவேறியது. தற்காலிகக் கூலிகளின் பெயர்கள் பல பதிவுகளில் இருக்காது. அவர்களைக் கண்டுபிடிக்கச் சங்கத்துக்காரர்களைவிடப் பழைய கேங்மேன்களே உதவுவார்கள்.

இனி எல்லோரும் தவிர்க்கும் வேலை. வேலைக்குப் போனவர்களையும் சந்திக்க வேண்டும். அரசு அவர்களை ‘விசுவாச ஊழியர்’ என்றது, காலனியில் ‘லாயல்’ என்றார்கள், அதைவிடக் கடுமையான சொல்லும் உண்டு. அவர்களில் பலருக்கு முன்கூட்டியே இன்கிரிமென்ட் கிடைத்தது. சிலருடைய பிள்ளைகளுக்கு ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. அதனால் ஒரே வரிசையில் இருந்த இரண்டு குவார்ட்டர்ஸ்களுக்கு இடையே பல ஆண்டுகள் பேச்சு இல்லாமல் போன கதை எந்தக் காலனியிலும் கிடைக்கும். லாயல் வீட்டில் முதல் கேள்வியாக “ஏன் போனீர்கள்?” என்று கேட்டால் கதவு சாத்தப்படும். அன்று எத்தனை ரயில்கள் ஓடின, யார் ஓட்டினார்கள், டெரிட்டோரியல் ஆர்மி என்ற பகுதிநேரப் படைக்காரர்கள் எங்கே தங்கினார்கள் என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள்; காரணம் தானாக வரும். காங்கிரஸ் சார்ந்த சம்மேளனம் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை என்பதால் சிலருக்கு அது சங்கத்தின் கட்டளை. சிலருக்கு மகளின் கல்யாணம்.

இரண்டு தரப்பையும் எழுதும்போது உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்கள் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். லாயல் என்ற குறிப்போடு ஒருவர் பெயரை அச்சிட்டால், அதன் சுமையைப் பேரன்கள் சுமப்பார்கள். எழுதி முடித்ததும், கைப்பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே வீடுகளுக்குப் போய், சொன்னவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் இடைமறித்து, “அன்னிக்கு மெயில் போகலை, பாசஞ்சர்தான் போச்சு” என்று திருத்தினால், அவருடைய மூத்த மகன் “இல்லை, மெயில்தான்” என்று மறுத்தாலும், இரண்டையும் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அந்த நாளின் நாளிதழைத் தேடி மீண்டும் நூலகத்துக்குப் போங்கள்.